பொருள் மாறாமல்

ஜன்னலை முழுவதும் மூட வேண்டாம் அக்கா, பாதி போதும். வளைவில் எனக்குக் குமட்டும். மலையில் பிறந்தவளுக்குக் குமட்டுமா என்று கண்டக்டர் ஒவ்வொரு தடவையும் கேட்பார். தினமும் பஸ்ஸில் போகிறவர்களுக்குத்தான் வளைவு பழகும். எங்கள் ஊருக்கு பஸ்ஸே கிடையாது.

லாரி பதினோராவது வளைவில் அச்சு முறிந்து நிற்கிறதாம். எடுக்க ஒரு மணி நேரம் ஆகும் என்கிறார்கள். பதினொரு மணிக்கு நான் கீழே சார் ஆட்சியர் அலுவலகத்தில் இருக்க வேண்டும். இப்போது எட்டே முக்கால். நேரம் இருக்கிறது. இருந்தாலும் மூன்று தடவை மணி பார்த்துவிட்டேன், நீங்களும் கவனித்திருப்பீர்கள். நான் எதற்கும் கொஞ்சம் முன்னதாகவே பயந்துவிடுவேன். இரண்டு நாளாகத் தூக்கமும் சரியில்லை. அதனால்தான் பேசிக்கொண்டே இருக்கிறேன். தொந்தரவாக இருந்தால் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் எஸ்டேட்டா? விரலில் இலைக்கறை இருக்கிறது. பலாப்பழம் மகள் வீட்டுக்கா? நல்லது.

என் பெயர் தவமணி. வனத்துறை ரேஞ்ச் ஆபீசில் எழுத்து வேலை. தற்காலிகம்தான், வருடா வருடம் புதுப்பிப்பார்கள். ஊர் ஈட்டிக்குடி செட்டில்மெண்ட். புலிகள் காப்பகத்துக்கு உள்ளே, நடுக்காட்டில் இருக்கிறது. ஆமாம், நான் அந்தச் சனம்தான். பார்த்தால் தெரியும், பேசினால் தெரியாது. பேச்சை மாற்றிக்கொண்டுவிட்டேன்.

புத்தகம் மாதிரிப் பேசுகிறேன் என்று நினைக்கிறீர்கள். பரவாயில்லை, எல்லோரும் நினைப்பதுதான். பொள்ளாச்சியில் பி.ஏ. தமிழ் சேர்ந்தபோது முதல் நாள் ஒவ்வொருவராக எழுந்து பெயர் சொல்லச் சொன்னார்கள். நான் எழுந்து எங்கள் ஊர் இழுப்பில் இரண்டு வாக்கியம் சொன்னேன். வகுப்பே சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, ஆனால் சிரிப்பு. அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தபோது இந்தத் தமிழ்தான் வந்தது. எழுத்தில் இருப்பதையே பேசினால் யாரும் சிரிக்க முடியாது, பாருங்கள். அப்படியே நின்றுவிட்டது. ஏழு வருடம் ஆயிற்று. எங்கள் ஊரிலிருந்து பட்டம் வாங்கியது நான் ஒருத்திதான். என் வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடத்தை முடித்தவர்கள்கூடக் கிடையாது.

இந்தப் பையில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறீர்களா? ஒரு நோட்டு. கூட்டத்தில் நடந்ததை எழுதும் தீர்மான நோட்டு. இதில் நாற்பத்தேழாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரிக்காகத்தான் இன்றைக்கு விசாரணை. அதை எழுதியது நான். மூன்றே சொல். மூன்றிலும் ஒரு எழுத்துப்பிழை கிடையாது.

படித்துக் காட்டுகிறேன். "சரி. நாங்கள் செல்கிறோம்."

அவ்வளவுதான். நீங்களே சொல்லுங்கள், இதில் என்ன தவறு?

முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். எங்கள் ஊரில் முப்பத்தெட்டு வீடு. காப்பகத்தின் உட்பகுதியில் மனிதர்கள் இருக்கக் கூடாது, விருப்பப்பட்டால் கீழே சமவெளியில் வீடு கட்டித் தருகிறோம் என்று இலாகாவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். விருப்பப்பட்டால் என்பது முக்கியம் அக்கா. சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஊர் கூடி விருப்பம் சொல்ல வேண்டும், அதை எழுத வேண்டும். அந்த எழுத்துக்குத்தான் என்னை வேலைக்கு வைத்தார்கள்.

ரேஞ்சர் இளங்குமரன் சாரை நீங்கள் தப்பாக நினைக்கக் கூடாது. குரலை உயர்த்த மாட்டார். காட்டில் வைத்திருக்கும் கேமராவில் ஒரு புலி விழுந்தால் குழந்தை பிறந்த மாதிரி ஆபீஸ் முழுவதும் காட்டுவார். ஒரு தாய்ப்புலி, மூன்று குட்டி, எங்கள் ஊர் ஓடையைத் தாண்டிப் போகிற படம். அதைக் காட்டி என்னிடம் சொன்னார்: "அது நம்ம வீட்டு வழியா போகல தவமணி. அது வீட்டு வழியில நாம வீடு கட்டியிருக்கோம்."

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. இப்போதும் படுகிறது.

அதே படத்தை எங்கள் மூப்பனிடமும் காட்டினார். மூப்பன் என்றால் ஊருக்குத் தலைவர். பெயர் குருந்தன். எனக்குப் பெரியப்பா முறை. அவர் போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"இவளா? இவ ஆத்தாளையே எனக்குத் தெரியுமுங்க. பின்னங்காலு நொண்டி. அவ தண்ணி குடிக்கறப்ப நாங்க இந்தப் பக்கம் நிப்போம். நாங்க மொள்ளறப்ப அவ அந்தப் பக்கம் நிப்பா."

"அதெல்லாம் அப்ப, மூப்பா."

"அப்பவும் அவளுக்குத்தான் அவசரம். எங்களுக்கு என்னுங்க அவசரம்?"

ரேஞ்சர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அப்போதெல்லாம் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

போன வருடம் ஐப்பசியில் கூட்டம் போட்டார்கள். எங்கள் ஊரில் இல்லை, இரண்டு கிலோமீட்டர் தள்ளி இலாகா முகாமில். மேலே இருந்து பெரிய அதிகாரி வந்தார். இரண்டு மணிக்கு என்று சொல்லி மூன்றே காலுக்கு வந்தார். ஜீப் பஞ்சர், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வருகைப் பதிவில் எல்லோரிடமும் முன்னாலேயே கைநாட்டு வாங்கிவிட்டேன். எழுபத்தொரு பேர். விரலில் மை பட்டதை எல்லோரும் முகாம் சுவரில் துடைத்துவிட்டார்கள். அதற்கு எனக்குத் திட்டு விழுந்தது.

அதிகாரி நிறையப் பேசினார். நல்ல பேச்சு. காடு இருந்தால் ஆறு இருக்கும், ஆறு இருந்தால் கீழே நெல் இருக்கும் என்றார். புதுக் காலனிக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் என்றார். நான் விடாமல் குறித்தேன். நாலரை மணிக்கு அவர் முடித்தார். முடிக்கும்போது கேட்டார்:

"கடைசியா கேக்கறேன். யாரும் உங்கள வற்புறுத்தல. உங்க விருப்பம்தான். போறீங்களா?"

பெரியப்பா திரும்பி மேற்கே பார்த்தார். மூங்கிலுக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. எழுந்தார். தலைத்துண்டை அவிழ்த்து அக்குளில் வைத்துக்கொண்டு கும்பிட்டார்.

"சரிங்க. நாங்க போயிட்டு வாறோமுங்க."

எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அதிகாரி கைதட்டினார். சனங்களும் கைதட்டினார்கள். கூட்டம் முடிந்தால் கைதட்ட வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லி வைத்திருந்தது.

நான் எழுதினேன். "சரி. நாங்கள் செல்கிறோம்."

இல்லை, "போயிட்டு வாறோமுங்க" என்று எழுத முடியாது அக்கா. அது பேச்சுவழக்கு. தீர்மான நோட்டில் பேச்சுவழக்கு கூடாது. நீங்கள் பள்ளிக்கூடத்தில் சுருக்கி வரைதல் எழுதியிருக்கிறீர்களா? ஒரு பத்தி கொடுத்து, பொருள் மாறாமல் மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி வரைக என்று கேட்பார்கள். எனக்கு அதில் எப்போதும் முழு மதிப்பெண். எந்தச் சொல்லை எடுத்தால் பொருள் கெடாதோ அதை எடுத்துவிட வேண்டும். "போயிட்டு வாறோம்" என்றால் என்ன? போகிறோம். "வாறோம்" என்பது மரியாதைக்கு ஒட்டிக்கொண்டிருப்பது. எடுத்தேன். அன்றைக்கு நான் சந்தேகப்பட்டது "போகிறோம்" எழுதுவதா, "செல்கிறோம்" எழுதுவதா என்று மட்டும்தான். "செல்கிறோம்" கண்ணியமாக இருந்தது.

அப்புறம் நானும் அவர்களோடுதான் நடந்து ஊருக்குப் போனேன். வழியில் யாரும் அதைப் பற்றி எதிர்த்துப் பேசவில்லை. அதையும் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இதில் சொந்த விருப்பு வெறுப்பு கிடையாது. கேட்பார்கள், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். என் அம்மா பிரசவத்தில் இறந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. வேட்டியில் தூளி கட்டி நான்கு பேர் தூக்கிக்கொண்டு முகாமுக்கு நடந்தார்கள். பாதி வழியில் ஈத்தங்காடு, அங்கே யானைகள் நின்றன. தூளியை இறக்கி வைத்துக்கொண்டு யானைகள் போகும்வரை நின்றோம். அவை மெதுவாகத்தான் போகும். பக்கத்தில் ஒரு குட்டி இருந்தது. குட்டி இருந்தால் இன்னும் மெதுவாகப் போகும். அவ்வளவுதான் நடந்தது. தம்பியும் பிழைக்கவில்லை. காலனியில் ஆஸ்பத்திரி என்று அதிகாரி சொன்னபோது நான் அதை இரண்டு தடவை எழுதியிருக்கிறேன், நோட்டில் இருக்கிறது. தெரியாமல் இரண்டு தடவை எழுதிவிட்டேன். ஆனால் அம்மாவுக்கும் நாற்பத்தேழாம் பக்கத்துக்கும் சம்பந்தமில்லை. இல்லை அக்கா. சம்பந்தமில்லை.

தண்ணீர் இருக்கிறதா? இருக்கட்டும், என்னிடமும் இருக்கிறது.

தீர்மானம் மேலே போயிற்று. உத்தரவு வந்தது. தனித்தனியாகவும் எல்லோரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். வீடு வீடாகப் போனோம். யாராவது தயங்கினால், "ஊரே ஒத்துக்கிட்டுச்சு, நோட்டுல இருக்கு, நீங்க மட்டும் என்ன?" என்று வனக்காப்பாளர் சொல்வார். நான் நோட்டைத் திறந்து காட்டுவேன். அவர்களுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் காட்டுவேன். காட்டாமல் கையெழுத்து வாங்குவது நேர்மையில்லை.

தை மாதம் பதினான்கு வீடு கீழே இறங்கியது. பெரியப்பா வீடும், என் அத்தை மயிலாத்தாள் வீடும் அதில் உண்டு. அம்மா போன பிறகு என்னை வளர்த்தது அந்த அத்தைதான். லாரி முகாம் வரைக்கும்தான் வரும், அதுவரை சாமான்களைத் தலையில் சுமந்தார்கள். நான் பட்டியல் எழுதினேன். பாதிச் சாமானை எடுக்கவே இல்லை. அடுப்புக்கல்லை அப்படியே விட்டார்கள். அத்தை மண்பானையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். கதவுத் தட்டியைச் சாத்திக் கொடியால் கட்டினாள்.

"எதுக்கு அத்தை கட்டறீங்க?" என்று கேட்டேன்.

"கரடி உள்ள பூந்துரும்" என்றாள்.

நான் பட்டியலில் "பழைய பொருட்கள் கைவிடப்பட்டன" என்று எழுதினேன்.

காலனி மோசமில்லை அக்கா. கான்கிரீட் வீடு. பங்குனி வெயிலில் உள்ளே இருக்க முடியாது, வேப்பமரத்தடியில்தான் இருந்தார்கள், அது உண்மை. ஆனால் மாசியில் ரங்கிக்குப் பிரசவம். ரங்கி என்னோடு ஐந்தாவது வரை படித்தவள். ஆட்டோவில் ஏழு நிமிடத்தில் ஆஸ்பத்திரி. பெண் குழந்தை, மூன்று கிலோ. நான் போய்ப் பார்த்தேன். தூக்கி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தேன். இதை விசாரணையில் சொல்ல வேண்டும் என்று தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன். மேலேயும் நல்லதுதான் நடந்தது. அந்தத் தாய்ப்புலி பகலிலேயே ஓடைக்கு வர ஆரம்பித்தது. ரேஞ்சர் படத்தைக் காட்டி, "பாத்தியா, எடம் விட்டதும் வந்துருச்சு" என்றார். அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சித்திரையில் தேன் காலம் வந்தது.

பெரியப்பாவும், அத்தையும், இன்னும் ஒன்பது பேரும் காலையில் செக்போஸ்டுக்கு வந்து நின்றார்கள். கயிறு, தகரக் குடம், புகைபோட ஈரத்தழை. கூடவே அத்தை கையில் ஒரு துடைப்பம். வீடு கூட்ட வேண்டுமாம். ஏதோ வெளியூர்க் கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்புகிறவர்கள் மாதிரி நின்றார்கள். வாட்சர் குறுக்குத்தடியைத் தூக்கவில்லை. "நீங்க காலி பண்ணிட்டீங்கல்ல, இனி உள்ள வரக் கூடாது" என்றான்.

பெரியப்பாவுக்கு முதலில் புரியவே இல்லை. அவனுக்குத்தான் விஷயம் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டார். பொறுமையாகச் சொன்னார்:

"நாங்க போயிட்டு வாறோம்னுதானே சொன்னோம் தம்பி. போயிட்டு வந்துட்டோம்."

ரேஞ்சரைக் கூப்பிட்டார்கள். ரேஞ்சர் என்னைக் கூப்பிட்டார். நோட்டோடு போனேன். "படிச்சுக் காட்டிரு தவமணி. அவங்க சொன்னதை அவங்களே கேக்கட்டும்" என்றார். நான் படித்தேன். "சரி. நாங்கள் செல்கிறோம்."

சண்டை போடுவார்கள் என்று நினைத்தேன். இல்லை. அத்தை துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு என் அருகே வந்தாள்.

"செல்கிறோம்னா?"

"போறோம்னு அர்த்தம், அத்தை."

"போறோம்னா? வெறும் போறோம்தானா?"

"ஆமாம்."

"யாரு சொன்னது?"

"பெரியப்பா சொன்னதைத்தான் எழுதினேன்."

"என்ற அண்ணன் வாயில எளவு வார்த்தைய வெச்சிருக்கியே புள்ள" என்றாள். அதுதான் அத்தை என்னோடு கடைசியாகப் பேசியது. ஆறு மாதம் ஆயிற்று.

உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் வீட்டிலும் குழந்தை "போறேன்" என்றால் தலையில் தட்டி "வரேன்னு சொல்லு" என்பீர்கள். எங்களிடத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதல். வெறும் "போறேன்" என்ற சொல் ஒரே ஒரு இடத்தில்தான் உண்டு. பாடையைத் தூக்குகிறவர்கள், செத்தவருக்குப் பதிலாக வாசலைப் பார்த்துச் சொல்வார்கள்: "நான் போறேன்." அம்மாவுக்குச் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். வேறு யாரும் வேறு எப்போதும் சொல்ல மாட்டார்கள். கிழங்கு தோண்டப் போனாலும் "வாறேன்"தான். ஜெயிலுக்குப் போனாலும் "வாறேன்"தான்.

எனக்கு இது தெரியாமல் இல்லை. நான் அந்த ஊர்க்காரிதானே. ஆனால் எழுதும்போது நான் ஊர்க்காரியாக எழுதவில்லை. எழுத்தராக எழுதினேன். அந்த வித்தியாசத்தை யாரும் புரிந்துகொள்ளவில்லை, அதுதான் எனக்கு வருத்தம்.

அதற்குப் பிறகு அவர்கள் மனுப் போட்டார்கள். டவுனில் ஒரு வக்கீல் அம்மா காசு வாங்காமல் எழுதிக் கொடுத்தார். ஊர் விருப்பமே சொல்லவில்லை என்று மனு. அது உண்மை என்றால் தீர்மானம் செல்லாது. மீதி இருபத்து நான்கு வீட்டையும் இந்த மாதத்தோடு இறக்குவதாக இருந்தது, அது நிற்கும். கீழே போனவர்களும் வந்து போகலாம். உண்மை இல்லை என்றால், இன்றோடு எல்லாம் முடிந்தது. சாட்சி நான் ஒருத்திதான். அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். ரேஞ்சர் எதிர்த்தரப்பு. கூட்டத்தில் இருந்த எழுபத்தொரு பேரும் மனுதாரர்கள்.

ரேஞ்சர் நேற்று கூப்பிட்டுச் சொன்னார்: "பயப்படாத. கூட்டிச் சொல்ல வேண்டாம், குறைச்சும் சொல்ல வேண்டாம். எழுதினதைப் படி. போதும்." அடுத்த வாரம் என் வேலையைப் புதுப்பிக்க வேண்டும். அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய மனிதர் இல்லை. கோப்பு அவர் மேசையில்தான் இருந்தது, நான்தான் பார்த்தேன்.

பெரியப்பாவும் நேற்று வந்தார். காலனியிலிருந்து இரண்டு பஸ் மாறி, ஆபீஸ் வாசலில் வந்து குந்தியிருந்தார். நான் திட்டு வாங்கத் தயாராகப் போனேன்.

"நாளைக்கு எப்புடி வாறே? பஸ்ஸா, ஜீப்பா?"

"பஸ்தான் பெரியப்பா."

"உனக்கு வவுத்தப் பொரட்டுமே" என்று மடியிலிருந்து நான்கு நெல்லிக்காயை எடுத்துக் கொடுத்தார். "வளைவுக்கு ஒண்ணு வாயில போட்டுக்க."

"நாற்பது வளைவு இருக்கு பெரியப்பா."

"அப்ப பாத்து மெல்லு."

நான் அதுவரை அவரிடம் கேட்டதே இல்லை. நேற்றுதான் கேட்டேன். "அன்னைக்கு என்ன நினைச்சுச் சொன்னீங்க பெரியப்பா?"

"ஆனைய நெனச்சேன். நாலரை ஆயிருச்சு. ஈத்தங்காட்டுல இறங்கற நேரம். உன்னைய மாதிரிப் புள்ளைங்கள வெச்சுக்கிட்டு வேற என்னத்த நெனைக்க?"

"அப்போ சம்மதம் இல்லையா?"

"இருக்கோ இல்லையோ. அதை நாங்க இன்னும் ஒக்காந்து பேசவே இல்லியே. பேசியிருந்தா, பெரசவத்துக்கு இருக்கறவளுக போகட்டும், படிக்கற புள்ளைக போகட்டும், நாங்க மழைக்கு அங்க, தேனுக்கு இங்கன்னு என்னமோ ஒண்ணு சொல்லியிருப்போம். அந்தப் புலியையும் ஒரு வார்த்தை சேத்துத்தான் பேசியிருப்போம். உன்ற நோட்டு முந்திக்கிருச்சு."

கோபமாகச் சொல்லவில்லை அக்கா. நேரம் தவறிய பஸ்ஸைப் பற்றிப் பேசுவது மாதிரிச் சொன்னார். எழுந்து துண்டை உதறினார். "நீ பொய் எழுத மாட்டே. அது எனக்குத் தெரியும்" என்றார்.

வண்டி கிளம்புகிறது போலிருக்கிறது. லாரியை ஓரம் தள்ளிவிட்டார்கள். நல்லது. நெல்லிக்காய் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று இருக்கிறது.

நான் கொஞ்சம் முன்னால் உங்களிடம் ஒன்று சொன்னேன். கூட்டம் முடிந்து நடந்து போகும்போது யாரும் எதிர்த்துப் பேசவில்லை என்று. அது உண்மைதான். எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் பேசினார்கள். ஈத்தங்காட்டைத் தாண்டி, மேடு ஏறி மூச்சு வாங்க நின்றபோது அத்தை கேட்டாள்: "ஏண்ணா, அந்த அய்யா கடைசில என்னமோ கேட்டாரே, அதுக்கு எப்பப் பதில் சொல்லறது?" பெரியப்பா சொன்னார்: "மறுக்காக் கூப்புடுவாங்க. அப்பப் பாத்துக்கலாம்." நான் அவர்களுக்கு இரண்டடி பின்னால் இருந்தேன். நோட்டு என் கையில் இருந்தது. மை காய்ந்திருக்காது.

ரேஷன் கார்டைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். அதிகாரி ரேஷன் கார்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. நோட்டில் தேடிப் பார்த்தேன், எங்கேயும் இல்லை. இரண்டு நாளாகத் தேடுகிறேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. நீங்கள் என்னைத் திரும்பப் பார்க்கப் போவதில்லை, அதனால் இருக்கலாம்.

ஒரு சீட்டு எழுதி வைத்திருக்கிறேன். பாருங்கள். "திருத்தம்: நாற்பத்தேழாம் பக்கம், செல்கிறோம் என்பதைச் சென்று வருகிறோம் என்று படிக்கவும்." நேற்று ராத்திரி எழுதியபோது சரியாக இருந்தது. இப்போது படித்தால் ஒரு மாதிரி இருக்கிறது. சென்று வருகிறோம். யார் அப்படிச் சொல்வார்கள்? இதைக் கேட்டால் ஏதோ சுற்றுலா போகிறவர்கள் மாதிரித்தான் தோன்றும். அந்த முகாமும், வெயில் இறங்கியதும், துண்டை அவிழ்த்ததும் இதில் எங்கேயும் இல்லை.

வக்கீல் அம்மா பெரியப்பாவிடம் என்ன சொன்னாராம் என்றால், சார் ஆட்சியர் நோட்டைப் பார்க்க மாட்டார், என்னைத்தான் பார்ப்பார். "மூப்பன் வாயால என்ன சொன்னாரோ, அதை அப்படியே சொல்லும்மா" என்று கேட்பார். எழுதியதை இல்லை, சொன்னதை. அந்த இழுப்போடு. அவ்வளவு பேர் முன்னால், ரேஞ்சர் முன்னால், கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்கிற பெண் முன்னால். அந்தப் பெண் என் கல்லூரியில் படித்தவள் அக்கா. ஒரு வருடம் சீனியர்.

எனக்கு அது வருமா என்றே தெரியவில்லை. ஏழு வருடமாக வாயில் வைக்காத பேச்சு. நேற்று பெரியப்பாவிடம்கூட நான் டவுன் பேச்சுத்தான் பேசினேன். அத்தை இருந்தால் கேட்டுச் சரி பார்க்கலாம். பேச மாட்டாள்.

உங்களிடம் ஒரு தடவை சொல்லிப் பார்க்கட்டுமா? சிரிக்க மாட்டீர்களே? சிரித்தாலும் பரவாயில்லை.

சரிங்க. நாங்க போயிட்டு வருகிறோ... இல்லை. வந்துவிட்டது பாருங்கள். இருங்கள்.

சரிங்க. நாங்க போயிட்டு வாறோமுங்க.

கடைசியில் இழுப்பு போதவில்லை. அவர் இன்னும் கொஞ்சம் இழுப்பார். கும்பிட்டுக்கொண்டே சொல்வதால் மூச்சு அங்கே கொஞ்சம் நிற்கும்.

ஸ்டாண்டு வந்துவிட்டது. பத்து ஐம்பது. சார் ஆட்சியர் அலுவலகம் ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான். அதோ வேப்பமரத்தடியில் நிற்கிறார்களே, அந்தக் கும்பல்தான் எங்கள் ஊர். பச்சைச் சேலை என் அத்தை. இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பலாப்பழத்தை நான் இறக்கித் தருகிறேன், கொடுங்கள். பார்த்து, படி உயரம். மகளைக் கேட்டதாகச் சொல்லுங்கள். அந்தச் சீட்டு உங்கள் மடியிலேயே இருக்கிறது. வேண்டாம், அது இருக்கட்டும், கீழே போட்டுவிடுங்கள்.

சரிங்கக்கா. நா போயிட்டு வாறேனுங்க.